ஐந்தாவது உறுப்போடு நிறுத்திய கணக்கு

போன வாரம் என் பழைய பிரிவிலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். பெயர் தாரணி. நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், நேரில் பார்த்ததில்லை. நான் எழுதி வைத்துவிட்டு வந்த கால்குலேட்டர் ப்ரோக்ராம்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"மேடம், ஒரு சந்தேகம். உங்க ப்ரோக்ராம் எல்லாத்துலயும் முதல் வரியில, இது எதுவரைக்கும் சரி, எதுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு ரெண்டுல ப்ரோக்ராமைவிட எச்சரிக்கைதான் நீளமா இருக்கு. அப்ப அப்படி ஒரு ரூல் இருந்துச்சா?"

"ரூல் எல்லாம் இல்லம்மா."

"பின்ன ஏன் மேடம்?"

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவள் நான். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டேப் பிடித்தேன், ரீடிங் எழுதினேன், கூட்டினேன், கழித்தேன். நிலத்தடி நீர்ப் பிரிவில் பெண்கள் அதிகம் இல்லாத காலம். வெயிலில் ஜீப்பிலிருந்து இறங்கி ஒவ்வொரு கண்காணிப்புக் கிணறாகப் போய் அளந்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். பழகிப்போயிற்று.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை எடுத்தாக வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. மேலே இருக்கிற மண்ணை அள்ளியபின் அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் அது சுரங்கத்தின் தரையையே கீழிருந்து தூக்கிவிடும். அதற்காகச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாகப் பம்ப் ஓடும். இத்தனை பம்ப் இவ்வளவு நேரம் ஓடினால் இவ்வளவு தூரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் மேசை வேலை.

அந்தக் கணக்கின் நடுவில் ஓர் எண் வரும். அதை 'யு' என்போம். கிணறு தூரமாக இருந்தால் யு பெரிதாகும். பம்ப் நெடுநேரம் ஓடியிருந்தால் சிறிதாகும். யு கிடைத்ததும் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் அதற்கு நேரே இருக்கும் மதிப்பைத் தேட வேண்டும். நாம் தேடும் எண் பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது, இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்திருக்கும். பென்சிலால் பங்கு போட்டு எடுக்க வேண்டும். முப்பது கிணறு என்றால் அரை நாள் போய்விடும்.

எங்கள் பிரிவுத் தலைவர் கமாலுதீன் சார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். வாரம் முழுக்க பிளாக் இரண்டில் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்துவிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் விடையின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிவிடுவார். கணக்கை மட்டும் படிப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து, "ஒரு மீட்டருக்கு மேல போவாது" என்றோ, "ரெண்டு மூணு சென்டிமீட்டர் இருக்கும்" என்றோ சொல்வார். அதற்குப் பிறகுதான் காகிதத்தை எடுப்பார். அவர் சொன்னதும் நாம் எழுதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் தப்பு என்று சொல்லமாட்டார். "இன்னொரு தடவ பாத்துடுங்கம்மா" என்று தாளைத் திருப்பி வைப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் பயந்த பயம் கொஞ்சமில்லை.

பிரிவுக்கு ப்ரோக்ராம் எழுதிப் போடக்கூடிய ஜப்பான் கால்குலேட்டர் இரண்டு வந்தது. உள்ளங்கை அகலம்தான். ஒரு கணக்கை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு எண்ணை மட்டும் அழுத்தினால் விடை வரும். அதோடு வந்த கையேட்டில் வட்டி, முக்கோணம் மாதிரி சின்னச் சின்ன உதாரணங்கள்தான் இருந்தன. எங்கள் கணக்கு அதில் இல்லை.

அதே சமயம் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். ஒட்டுப்பலகையால் தடுத்த ஆறு அறைகள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போய் உட்காருவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் கொண்டுபோன புத்தகத்தில் நாலு பக்கம் படித்துவிடலாம். அப்படித் தேடித்தான் அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தேன். உலகம் முழுக்க இந்த மாதிரிக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் தாங்கள் எழுதிய ப்ரோக்ராம்களை அங்கே இலவசமாகப் போட்டு வைத்திருந்தார்கள். கப்பல் மாலுமி எழுதிய நட்சத்திரக் கணக்கு, பாலம் கட்டுகிறவர் எழுதிய உத்திரக் கணக்கு, பள்ளி ஆசிரியர் எழுதிய பகா எண் கணக்கு. அந்தக் கூட்டத்தின் நடுவில், நாங்கள் பென்சிலால் பங்கு போட்டுக்கொண்டிருந்த அதே அட்டவணை பதினைந்து வரியில் இருந்தது.

அது வேறு மாடலுக்கு எழுதப்பட்டது. போதாததற்கு அம்புக்குறி மாதிரிக் குறிகள் வர வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் முட்டி மோதினேன். கடைசியில் எழுதியவருக்கே மெயில் போட்டேன். போலந்து நாட்டுக்காரர். அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்குறியும் என்ன குறி என்று வரிசையாக எழுதி, உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி என்றும் கேட்டிருந்தார். அன்றைக்கு டவுன்ஷிப்புக்கு சைக்கிளில் திரும்பி வந்தது எனக்கு நினைவே இல்லை. ஏதோ மிதந்து வந்த மாதிரி இருந்தது.

இனி சொல்லப்போவது என் தவறு.

அந்த அட்டவணையின் மதிப்பு ஒரு நீண்ட தொடரைக் கூட்டிக் கிடைப்பது. ஓர் உறுப்பைக் கூட்ட வேண்டும், அடுத்ததைக் கழிக்க வேண்டும், அதற்கடுத்ததைக் கூட்ட வேண்டும். போகப் போக உறுப்புகள் சின்னதாகிக்கொண்டே வரும். போலந்துக்காரரின் ப்ரோக்ராம், உறுப்பு ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறுக்கும்வரை கூட்டிக்கொண்டே போய்ப் பிறகு நிற்கும். எங்கள் கால்குலேட்டரில் இடம் குறைவு. பல பம்ப்புகளைச் சேர்த்துப் போடும் கணக்கையும் அதே நினைவகத்தில் வைக்க ஆசைப்பட்டேன். ஆகவே 'போதும், நிறுத்து' என்று பார்க்கும் வரிகளை எடுத்துவிட்டு, ஐந்தாவது உறுப்போடு நிற்கும்படி வெட்டினேன். எங்கள் கிணறுகளின் பழைய ரீடிங் பத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பத்தும் அட்டவணையோடு நாலு தசமம்வரை ஒத்துப்போனது.

கமால் சாரிடம் காட்டினேன். வழக்கம்போல விடையை மூடி, யோசித்து, காகிதத்தை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பிறகு கேட்டார்.

"எதுவரைக்கும் சரியா வரும்?"

"நம்ம ரீடிங் எல்லாத்துக்கும் வருது சார்."

"நம்ம பம்ப் ஓஞ்சதே இல்ல. அதனால நம்ம யு எப்பவும் சின்னதுதான். பெரிசா இருந்தா?"

அவரே உட்கார்ந்து இரண்டு மூன்று மதிப்புகளைக் கையால் போட்டுப் பார்த்தார். பிறகு என் தாளின் தலைப்பில் பென்சிலால் எழுதினார்: 'யு ஒன்றுக்கு மேல் போனால் இதைப் பயன்படுத்தக் கூடாது.'

அந்த வாரமே ப்ரோக்ராமை அதே தளத்தில் போட்டேன். எங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று அங்கே இல்லை. நான் வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற நினைப்பு. கீழே 'ஜெசிந்தா, நெய்வேலி சுரங்கம், இந்தியா' என்று போட்டேன். கமால் சார் எழுதிய வரியைப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. டைப் செய்துவிட்டு, பார்த்துவிட்டு, அழித்தேன். பதினைந்து வரியை ஒன்பது வரியாகச் சுருக்கியிருக்கிறேன், உச்சியில் இப்படி ஒரு குறையை நானே எழுதி ஒட்டுவானேன் என்று தோன்றியது.

பாராட்டுகள் வந்தன. யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ. ஒருவர் தன் மாணவர்களுக்குக் கொடுத்ததாக எழுதியிருந்தார். நான் அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். பம்ப் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்த ஏழுமலை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான் பழக்கம். கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு.

"மேடம், இதுல உங்க பேரு போட்டுக்கீது. ஜெசிந்தான்னா நீங்கதானே?"

விருத்தாசலத்துக்கு மேற்கே அவர் ஊர். அவருடைய அண்ணன் இறந்துபோய், அண்ணி அஞ்சலை இரண்டு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறார். மழையை நம்பி இருந்தவர் அந்த வருஷம்தான் ஆழ்துளைக் கிணறு, அவர்கள் சொல்வது போர், போட்டிருக்கிறார். அதே கோடையில் முந்நூறு மீட்டர் தள்ளி இருந்த ஊர்க் குடிதண்ணீர் அடிகுழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. ஊர் முழுக்க அஞ்சலையின் போரைக் கைகாட்டியது. அதிகாரிகள் ஓர் ஆலோசகரிடம் அறிக்கை கேட்டார்கள். அஞ்சலையின் பம்ப் ஆறு மணி நேரம் ஓடினால் அந்த அடிகுழாய்க் கிணற்றில் இருபத்தோரு சென்டிமீட்டர் இறங்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். கடைசித் தாளில் கணக்கிட்ட முறை என்று என் ஒன்பது வரியும் என் பெயரும் ஊரும் இருந்தன.

"ஒரு நாளைக்கு ஒரு சாண் எறங்குதுன்னா கோடை முச்சூடும் எவ்ளோ எறங்கும்னு ஊர்ல சண்டைக்கு வந்துட்டாங்க மேடம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு சீல் வெச்சிட்டாங்க. மல்லாட்ட போட்டுக்கீறாங்க அண்ணி. பூ எடுத்து எறங்கற நேரம். நீங்க போட்ட கணக்காமே இது. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

அறிக்கையில் யு மதிப்பைத் தேடினேன். மூன்று என்று இருந்தது. அவர் எதிரிலேயே கால்குலேட்டரை எடுத்து மூன்று அழுத்தினேன். 0.135. பிறகு புத்தகத்தைத் திறந்து அட்டவணையில் மூன்றுக்கு நேரே பார்த்தேன். 0.013. விரலை வைத்து இரண்டாம் தடவை பார்த்தேன். பத்து மடங்கு. ஒரு சாண் என்று ஊரே சண்டை போட்ட இடத்தில் உண்மையில் ஒரு விரற்கடைதான்.

"இன்னா மேடம்?" என்றார் ஏழுமலை.

"நாளைக்குச் சொல்றேங்க" என்றேன்.

கமால் சார் அறைக்குப் போனேன். அறிக்கையை முன்னால் வைத்தேன். அவர் விடையை மூடினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்நூறு மீட்டர். ஆறு மணி நேரம். அவ்ளோ தூரத்துக்கு அதுக்குள்ள தண்ணிக்கு சேதியே போய்ச் சேந்திருக்காதேம்மா. ஒரு விரல் எறங்கினா ஜாஸ்தி." காகிதத்தை எடுத்தார். பார்த்தார். கடைசித் தாளைப் புரட்டினார். அங்கே என் பெயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மேல எழுதின வரி எங்க?"

"நான் போடலீங்க சார்."

"ஏன்?"

"அது இருந்தா நல்லா இல்லைன்னு... எடுத்துட்டேன் சார்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "இத யாருக்கு எழுத்துல குடுக்கணுமோ குடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டில் என் கணவர் கடைசிவரை தடுத்தார். "வாயால சொல்லிட்டு வா. எழுத்துல மட்டும் குடுக்காத. ஆபீஸ்ல போட்ட ப்ரோக்ராம யாரைக் கேட்டு வெளிய குடுத்தேன்னு ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்லுவ? பர்மனென்ட் வேலைடி இது." அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை. இருந்தும் அறிக்கை கேட்ட அதிகாரிகளுக்கு எழுதினேன். தவறு ப்ரோக்ராமை வெட்டிய என்னுடையது, எல்லையைச் சொல்லும் வரியைத் தெரிந்தே விட்டேன், மூன்று என்ற மதிப்புக்கு அது செல்லாது என்று. கமால் சார் அதில் ஒரு சொல்லைத்தான் அடித்தார். 'தவறுதலாக' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். "தெரிஞ்சேன்னு ஒரு தடவ சொல்லியிருக்கீங்க. அப்புறம் இது எதுக்கு?" என்றார். கடிதத்தின் நகலை நிறுவனக் கோப்புக்கும் அவரே அனுப்பி வைத்தார். நான் பயந்த கேள்வி கடைசிவரை வரவில்லை. வரவில்லை என்பது மாசக்கணக்கில் ஆன பிறகுதான் எனக்கு உறுதியானது.

"கடுதாசி போதாது" என்றார் சார். "ஒரு கணக்க இன்னொரு கணக்கு வெச்சி அடிச்சா ஊர்ல யாரு நம்புவாங்க? ஞாயித்துக்கிழம போவோம். அளந்து காட்டுவோம்." ஆபீஸ் கருவியைத் தொடக்கூடாது என்று மந்தாரக்குப்பம் ஹார்டுவேர் கடையில் நீளமான ஸ்டீல் டேப் ஒன்றும், பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி சாக்குக்கட்டியும் வாங்கினார். டேப்பின் கடைசி மீட்டரில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். நனைந்த இடம் வரை சாக்குக்கட்டி கறுத்துவிடும். எத்தனை மீட்டர் இறக்கினோமோ அதிலிருந்து நனைந்ததைக் கழித்தால் நீர்மட்டம். எந்தக் கருவியும் வராத காலத்து முறை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் போனபோது குழாயடியில் குடங்களோடு பெண்கள் கூடியிருந்தார்கள். அடிகுழாயின் தலையைக் கழற்ற மெக்கானிக்கை ஏழுமலை ஏற்பாடு செய்திருந்தார். ஆறு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றதும் கூச்சல் கிளம்பியது.

"எங்க வாயக் கட்டிட்டு அவளுக்குப் பம்ப் வுடப் போறீங்களா?"

கமால் சார் கையைக் கூப்பினார். "எல்லாரும் முதல்ல புடிச்சிக்கோங்கம்மா. கடைசிக் கொடம் ரொம்பற வரைக்கும் நாங்க இங்கேயே ஒக்காந்திருக்கோம். அவங்களுக்காக வரல. உங்களுக்காகவும் வரல. தண்ணி எவ்ளோ எறங்குதுன்னு பாக்கத்தான் வந்தோம்."

காத்திருந்தோம். குடங்கள் நிறைந்து, அதற்கப்புறம் நீர்மட்டம் ஏறி ஓரிடத்தில் நிற்கும்வரையும் காத்திருந்தோம். அதிகாரியின் ஆள் வந்து சீலைப் பிரித்தார். முதல் அளவு பதினாலு மீட்டர் முப்பத்தொன்று. பம்ப் ஓடத் தொடங்கியது. அரை மணிக்கு ஒரு தடவை சாக்குக்கட்டி தேய்த்து இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் சார் எண்ணைத் தான் சொல்லாமல், கூட்டத்தில் யாரையாவது கூப்பிட்டு நனைந்த இடத்தைப் படிக்கச் சொன்னார். முதல் நாலு மணி நேரம் அசையவே இல்லை. ஐந்தாவது மணியில் ஒரு சென்டிமீட்டர். ஆறாவது மணியில் இரண்டு.

அதிகம் கத்திய பெண்தான் கடைசி அளவைப் படித்தார். டேப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார்.

அறிக்கை எழுதிய ஆலோசகரும் வந்திருந்தார். சிவநேசன் என்று பெயர். படிப்பை முடித்து அதிக நாள் ஆகாதவர். முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார். என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்கிட்டயும் அட்டவணை இருந்துச்சு மேடம். எடுத்துப் பாக்கல. நெய்வேலின்னு போட்டிருந்தீங்க. தண்ணிக் கணக்குல நெய்வேலிக்காரங்க தப்பா போடுவாங்களான்னு நினைச்சிட்டேன்."

அந்த ஊர்ப்பெயரையும் நான்தான் பெருமைக்காகப் போட்டேன். கூட்டத்துக்கு முன்னால் நின்று, தவறு இந்தத் தம்பி மேல் இல்லை, நான் எழுதியதில்தான் என்று சொன்னேன். ஊர்த் தலைவர், "அப்ப இந்த போரால எங்க தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் பதில் சொன்னார்.

"அப்படி நான் சொல்லலீங்க. ஆறு மணி நேரத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர். இது மட்டும்தான் எனக்குத் தெரியும். மாசக்கணக்கா ஓட்டினா எவ்ளோன்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது. அடிக்கடி அளந்துகினே இருக்கணும்."

பூட்டைத் திறக்க அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அதற்குள் பூட்டிய நாளிலிருந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

அளக்கப் போன அந்த ஞாயிறுதான் அஞ்சலையை முதலில் பார்த்தேன். அளக்கும்போது கூட்டத்தோடு சேராமல் பம்ப் கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். எல்லாம் முடிந்ததும் நான் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க என்று நினைத்துப் போனேன். அவர் என்னை மல்லாட்டைக் கொல்லைக்குள் நடத்திக்கொண்டு போய் ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். நாலு காய் இருந்தது. ஒன்றை நசுக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை, பொக்கு. அடுத்ததும் அப்படித்தான்.

"இந்தக் கணக்கப் போட்டப்ப எங்க கெணத்துத் தண்ணிய நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அந்தத் தம்பியும் பாக்கல. பூட்ட வந்தவரும் பாக்கல." குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க வந்து ஒத்துக்கினீங்க, செரி. இந்த போகம் போனது போனதுதானே."



அடுத்த பல சனிக்கிழமைகள் மந்தாரக்குப்பத்தில் அதே ஒட்டுப்பலகை அறையில் போயின. நான் முதலில் போட்ட இணையதளத்திலிருந்து ப்ரோக்ராமை எடுக்கச் செய்து, திருத்தியதைப் போட்டேன், உச்சியில் எல்லை வரியோடு. என் பெயரைத் தேடித் தேடிப் பார்த்ததில் அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தது. வேறு மொழியில் விளக்கத்தோடு, வேறு மாடலுக்கு மாற்றி, சில இடத்தில் என் பெயரே இல்லாமல். கண்ணில் பட்ட ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் உடனே மாற்றினார்கள். மாணவர்களுக்குக் கொடுத்தவர், அந்த மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது என்று எழுதினார். பலரிடமிருந்து பதிலே இல்லை. போலந்துக்காரருக்கும் எழுதினேன். நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும் வரிகளை எழுதத்தான் தனக்கு ஒரு மாதம் ஆனது என்று மட்டும் பதில் போட்டிருந்தார்.

ஊரில் அடிக்கடி அளக்கச் சொல்லிவிட்டு வந்தோமே தவிர, அங்கே யாரும் அளக்கவில்லை. ஏழுமலை மூலம் அது தெரிந்ததும் நானே போக ஆரம்பித்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். முதல் இரண்டு தடவை கமால் சார் வந்தார். அப்புறம் அவர் ஓய்வு பெற்று மேல்பட்டாம்பாக்கத்துக்கே போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழற்ற வேண்டியிராமல் டேப் நுழைகிற அளவுக்கு மூடியில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார் மெக்கானிக். நான் அளந்து நோட்டில் எழுதுவேன். அஞ்சலை கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். உட்காரச் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை. ஒரு வார்த்தை கேட்பார்: "எவ்ளோ?" சொல்வேன். போய்விடுவார்.

மழைக்காலம் போய் மறுபடி கோடை வந்தது. நீர்மட்டம் இறங்க ஆரம்பித்தது. குழாயடியில் பழைய பேச்சு மறுபடி தொடங்கியிருந்ததை நான் போனபோதே கவனித்தேன். பெண்கள் என் நோட்டை எட்டிப் பார்த்தார்கள். அதற்கு முந்தின இரண்டு வாரம் அஞ்சலையின் மோட்டார் சுருள் எரிந்து, ரிப்பேருக்குப் போயிருந்தது.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தார். பம்ப் கொட்டகைச் சுவரைக் காட்டினார். கரியால் கோடு கோடாக இழுத்திருந்தது. நான் சொன்ன ஒவ்வோர் அளவையும், பம்ப் ஓடிய நாட்களையும் அவர் அதில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

"ஓட்டின ரெண்டு வாரத்துல மூணு வெரல் எறங்கிச்சு" என்றார். "மோட்டார் இல்லாத ரெண்டு வாரத்துலயும் ரெண்டு வெரல் எறங்கிக்கீது. அப்ப அது பொதுவுல எறங்கறது. என்னுது ஒரு வெரல்தானே?"

அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கத்தான் நாங்கள் ஆபீஸில் ஒரு தாள் முழுக்க எழுதுவோம். "ஆமாங்க" என்றேன். "ஒரு விரல்தான்."

அவர் நேராகக் குழாயடிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வரிசையில் நின்ற பெண்களிடம், "ஒரு வெரல் என்னால எறங்குது. அத இல்லன்னு சொல்ல மாட்டேன். கோட முடியற வரைக்கும் ஒரு நாள் வுட்டு ஒரு நாள் ஓட்டிக்கறேன். மீதி எதனாலன்னு நீங்க வேற எடத்துல தேடுங்க" என்றார். போன வருஷம் கடைசி அளவைப் படித்த அந்தப் பெண், "செரி, ஓட்டிக்கோ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பையைத் தோளில் மாட்டினேன். அஞ்சலை கையை நீட்டினார். எதற்கு என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"நீங்க இனிமே அலைய வேணாம். டேப்ப வெச்சிட்டுப் போங்க. நானே பாத்துக்கறேன்."

கொடுத்தேன். பையின் அடியில் கிடந்த சாக்குக்கட்டிப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கட்டியை வெளியே எடுத்து, டேப்பின் நுனியை இழுத்துப் பிடித்து, நான் தேய்ப்பதைவிட மெல்லிசாக, ஒரே சீராகத் தேய்த்தார். பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் போனதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.